வீட்டுப்பாடம் எழுதுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

சேலத்தில் சின்னக் குழந்தைகளுக்குத் தெரபி கொடுக்கிற பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச் மேடம், சார் எல்லாருக்கும், உங்களை எந்த ஊருக்கு அனுப்புவது, எந்த மையத்தில் உட்காரவைப்பது என்று முடிவெடுக்கிற மாவட்ட அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஏற்காட்டில் காபித்தூள், மிளகு, பட்டை, கிராம்பு விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு நாலு வயது நடக்கிறது. மூளை முடக்குவாதம், நீங்கள் சி.பி. என்று சொல்வது. கால் இரண்டும் இறுக்கம், இடது கையும் கொஞ்சம். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் சொன்னது எல்லாம் புரியும், கடன் சொல்லிவிட்டுப் போகிறவர் யார், காசைக் கையில் வைத்துவிட்டுப் போகிறவர் யார் என்பது உட்பட. மனைவி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதனால் பகல் முழுக்கக் குழந்தை என்னோடு. உங்களிடம் கூட்டி வருவதும் நான்தான். "அம்மா வரலையா?" என்று வாசலிலேயே கேட்பீர்கள், அப்புறம் என்னிடம் சொல்லவேண்டியதில் பாதியைச் சொல்லிவிட்டு "மீதியை அம்மாகிட்ட போன்ல சொல்லிடறேன்" என்பீர்கள். சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மடலில் கேட்கப்போவது ஒன்றுதான். வீட்டில் செய்யச்சொல்லி ஒரு தாள் எழுதித் தருகிறீர்களே, அதை எழுதுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். முடிந்தால் மேலே ஏறி வந்து பாருங்கள். வரவே முடியாது என்றால், வரமுடிகிற ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பவர்களுக்கு ஏற்காடு என்பது லீவு நாளில் பைக்கில் போய்வருகிற இடம், சுமார் முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, போட்டோ எடுக்க நாலு இடம், போண்டா, டீ. இடுப்பு நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அதே இருபது வளைவையும் இறங்கினால் அது வேறு ரோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு ஒரு பக்கம் சரியும், சரிகிற பயத்தில் கால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும், அதைப் பிரித்து நிமிர்த்தி உட்காரவைப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். சாப்பிடவைத்துக் கிளம்பினால் பாதி மலை இறங்குவதற்குள் வாந்தி. சாப்பிடாமல் கிளம்பினால் அடிவாரத்தில் ஆரம்பிக்கிற அழுகை கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வந்தும் ஓயாது. அப்புறம் ஆட்டோ பிடித்து உங்கள் மையத்துக்கு வந்தால் முக்கால் மணி நேர செஷன், அதில் பாதி நேரம் என் தோளைவிட்டு இறங்கமாட்டாள். ஒரு மையத்தில் அவள் ஃபைலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "கோ-ஆப்பரேட் பண்ணவில்லை." வாந்தி எடுத்து, வியர்த்து, ஸ்வெட்டரைக் கழற்றி, வெயிலில் அலைந்து வந்த யார்தான் கோ-ஆப்பரேட் பண்ணுவார்கள் சார்? மலையிலிருந்து இறங்கி வந்தால் சேலத்து வெயிலே ஒரு அடி அடிக்கும்.

"வேலை நாளில் கஷ்டம்னா சனிக்கிழமை வாங்களேன்" என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் சனி, ஞாயிறில்தான் எங்களுக்குக் கடை. டூரிஸ்ட் வருகிற அந்த இரண்டு நாளில் வருவதை வைத்துத்தான் மற்ற ஐந்து நாள். மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் மலைப்பாதையில் வண்டி வரிசை கட்டி நிற்கும். மழைக்காலத்தில் எங்கேயாவது மண் சரிந்தால் குப்பனூர் பக்கம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இதெல்லாம் உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டில் தெரியாது. அதில் "வரவில்லை" என்று மட்டும்தான் இருக்கும்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். ஒரு மையத்தில் கொடுத்தது, இங்கிலீஷில் பிரிண்ட் எடுத்தது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே தாள்தான் போல, பேரை மட்டும் பேனாவில் எழுதியிருந்தார்கள். தொடையின் பின்தசையை இழுத்துவிடுகிற ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெச் இத்தனை விநாடி இத்தனை தடவை, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குகிற பிரிட்ஜிங் இத்தனை செட், இரண்டு வேளை, அமைதியான அறையில் மேட் விரித்து. இது பிசியோ தாள். ஓ.டி. தாள் தனி. ஸ்பீச் தாள் தனி. மூன்றையும் ஒன்றாக மேஜையில் வைத்து, இதையெல்லாம் சேர்த்துச் செய்ய ஒரு வீட்டில் நேரம் இருக்குமா என்று யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அமைதியான அறை என்று ஒன்று கிடையாது, அறையே இரண்டுதான். அடுத்த தடவை வரும்போது முதல் கேள்வி, "எக்சர்சைஸ் எல்லாம் வீட்ல பண்றீங்களா?" அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்கிற அப்பா அம்மாவை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். நீங்களும் அதை நம்புவதில்லை என்று எங்களுக்கும் தெரியும்.

உங்களைக் குறை சொல்லவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. உங்களில் ஒருவர், ஒரு ஓ.டி. மேடம், தாளே கொடுக்கவில்லை. "காலையில யார் டிரஸ் போட்டு விடுவாங்க? எங்க உட்கார வச்சு?" என்று கேட்டார். நான்தான், கட்டிலில் படுக்கவைத்து என்றேன். இனிமேல் மணையில் உட்காரவையுங்கள், பாதம் இரண்டும் தரையில் அழுந்த இருக்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து இடுப்பை மட்டும் பிடியுங்கள், சட்டை போடும்போது இறுக்கமான இடது கையை முதலில் சட்டைக்குள் விடுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள், வலது கையை அவளே நுழைக்கட்டும், அவசரப்படாதீர்கள். அவ்வளவுதான் அன்றைக்கு சொன்னது. எப்படியும் தினமும் சட்டை போடத்தானே வேண்டும். உட்காரும் பயிற்சி, கை நீட்டும் பயிற்சி, உடம்பைத் திருப்பும் பயிற்சி எல்லாம் அந்தச் சட்டைக்குள்ளேயே வந்துவிட்டது. தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதில்லை, அதனால் விட்டும் போகவில்லை.

அந்த மேடம் கேட்டது மாதிரி மற்றவர்களும் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று சொல்கிறேன்.

மார்கழி, தை மாதத்தில் இங்கே விடியற்காலையில் பெரியவர்களுக்கே விரல் மடங்காது. தசை இறுக்கம் உள்ள குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். தாளில் காலை ஆறு மணி என்று போட்டிருந்த ஸ்ட்ரெச்சிங்கை மூடுபனியில் செய்தால் அவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். அதே காலை நேரத்தில், விறகடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, துவட்டி, கம்பளியில் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் தொடை இளகிவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் பேன்ட் போடுகிற சாக்கில் காலை மெதுவாக விலக்கலாம், முட்டியை நீட்டலாம், பாதத்தை மேல்பக்கமாக மடக்கலாம், அழமாட்டாள். அது முடிந்து, கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்துவைக்கிற ஏ.எஃப்.ஓ. மாட்டுவோம். சாயங்காலம் அதைக் கழற்றும்போது கணுக்காலில் சிவப்புத் தடம் இருக்கிறதா, அரை மணி நேரத்தில் மறைகிறதா என்று பார்ப்பது மனைவியின் வேலை. மறையவில்லை என்றால் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம், கீழே வந்து அளவு கொடுக்கவேண்டும்.

பத்து மணிக்குக் கடை. கடையில் அவளுக்கென்று இடம் இருக்கிறது. காபிக்கொட்டை வந்த சணல் சாக்கில் பழைய கம்பளியைச் சுருட்டித் திணித்து மனைவி உருளையாகத் தைத்துக் கொடுத்தாள், குதிரைமேல் உட்காருவது மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவாள், கால் பின்னாது, இடுப்பும் நிற்கும். இதே சாமான் ரெக்சின் போட்டு விற்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டோம். தரையில் விட்டால் இரண்டு காலையும் பின்பக்கம் மடக்கி டபிள்யூ மாதிரி உட்காரப் பார்ப்பாள், அதற்கும் இந்தச் சாக்குதான் மருந்து. கொஞ்ச நேரம் கழித்து முட்டி மடங்காமல் பிடிக்கிற கெய்ட்டர் கட்டி, கீழ் ரேக்கைப் பிடித்து நிற்கவைப்பேன். முன்னால் ஒரு தட்டில் ஜாதிக்காய், பக்கத்தில் ஒரு வாளி. இடது கையால் எடுத்து வாளியில் போடவேண்டும். மிளகும் கிராம்பும் கொடுக்கமாட்டேன், மூக்கில் போட்டுக்கொள்வாள். ஜாதிக்காய் அவள் பிடிக்குச் சரியான அளவு, வழுக்காது, கீழே விழுந்தால் சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே வேண்டுமென்று கீழே போடுவாள். கூட்டம் இல்லாதபோது வாடிக்கையாளருக்குக் காபித்தூள் பாக்கெட்டை அவளே நீட்டுவாள். கை பாதியில் நின்று, நடுங்கி, திரும்ப வரும். சிலர் காத்திருந்து வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் கண்ணு" என்பார்கள். சிலர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு பத்து ரூபாயை அவள் கையில் திணிக்கப் பார்ப்பார்கள், அவர்களிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலைப்பட்டியலைக் காட்டுவேன்.

இது தெரபியா, வியாபாரமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் இரண்டும்.

சாப்பாடு பெரிய விஷயம். குழந்தையின் அம்மாயி எங்களோடுதான் இருக்கிறார். அவர் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் பாலாடையில் வளர்ந்தவர்கள், அதனால் பேத்தியையும் மடியில் சாய்த்து, தலையை அண்ணாந்து வைத்து ஊற்றுவார். புரை ஏறும், இருமுவாள், தலையில் தட்டுவார், மறுபடி ஊற்றுவார். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி வைத்து, ஸ்பூனை எதிரே கீழிருந்து கொண்டுவரவேண்டும், தண்ணியாக இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பது பத்திரம் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நான் வந்து அம்மாயியிடம் சொன்னேன். "அஞ்சு புள்ள வளத்தவளுக்கு நீ சொல்லித் தர்றியா சாமி?" என்று முடித்துவிட்டார். மருமகன் சொல்லி மாமியார் கேட்கிற விஷயமா இது? ஒரு தெரபிஸ்ட் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, அவர் கிண்டிய களியையே ஸ்பூனில் எடுத்து ஒரு வாய் ஊட்டிக் காட்டினால் ஒரே நாளில் நடந்திருக்கும். களி கெட்டியாக இருப்பது அவளுக்கு எவ்வளவு நல்லது என்று அவரிடமே சொல்லியிருந்தால், அது தன் யோசனைதான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார், நமக்கென்ன, குழந்தைக்குப் புரை ஏறாமல் இருந்தால் சரி. கடைசியில் பக்கத்து லைன் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ் ஒருவர்தான் பேசிப் பேசி மாற்றினார். அது அவர் வேலையே இல்லை.

ஸ்பீச் விஷயத்தில் ஒன்று. படம் போட்ட அட்டை காட்டுகிறீர்கள், ஆப்பிள், ஜீப்ரா, இக்ளூ. ஏற்காட்டுக் குழந்தைக்கு இக்ளூ எதற்கு? அவள் தினம் பார்ப்பது குரங்கு, பலாப்பழம், மிளகுக்கொடி, எஸ்டேட் ஜீப், எப்போதாவது தூரத்தில் காட்டெருமை. அதையெல்லாம் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். வேண்டியதைப் பார்வையாலேயே காட்டுவாள், இரண்டு படத்தைக் காட்டினால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். இன்னொரு மையத்தில் "வீட்ல ஒரே லாங்குவேஜ் பேசுங்க, இங்கிலீஷே பேசுங்க, ஸ்கூலுக்கு ஈஸியா இருக்கும்" என்றார்கள். எங்கள் வீட்டில் யார் இங்கிலீஷ் பேசுவது? அம்மாயியா? தெரியாத மொழியில் நாங்கள் நாலு வார்த்தை பேசினால் அவள் காதில் விழுவது அந்த நாலு வார்த்தைதான். தமிழில் பேசினால் நாள் முழுக்கப் பேச்சு கேட்கும்.

நான் படித்தவன் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பி.காம். ராத்திரி கடை சாத்தியபிறகு நானும் தேடிப் படிக்கிறேன். 2009ல் ஆஸ்திரேலியாவில் இயோனா நோவாக் என்கிற ஆய்வாளரும் அவர் குழுவும் சி.பி. உள்ள 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்ன வேண்டும் என்று இலக்கை வீட்டார் சொல்ல, தெரபிஸ்ட் கூட உட்கார்ந்து அதற்கேற்ற வீட்டுத் திட்டம் போட்டுக்கொடுத்தார்கள். எட்டு வாரத்தில், திட்டம் இல்லாத குழந்தைகளைவிட இவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பெற்றோர் செய்தது எவ்வளவு தெரியுமா? சராசரியாக மாதத்துக்கு 17.5 தடவை, தடவைக்கு 16.5 நிமிடம். தினமும்கூட இல்லை. நீங்கள் கொடுத்த மூன்று தாளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அதே நோவாக் குழு 2013ல் சி.பி.க்குக் கொடுக்கிற சிகிச்சைகளையெல்லாம் ஆதாரம் பார்த்து, சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவைத்தது. வீட்டுத் திட்டமும், குழந்தை தானே ஒரு காரியத்தைக் குறிவைத்துச் செய்து பழகுவதும் பச்சையில் இருக்கின்றன. கையால் பிடித்து இழுத்துவிடுகிற ஸ்ட்ரெச்சிங் பச்சையில் இல்லை. அதை நிறுத்தச்சொல்லி நான் கேட்கவில்லை, குளித்தபிறகு செய்வது அவளுக்குச் சுகமாக இருக்கிறது, செய்கிறோம். ஆனால் முக்கால் மணி நேர செஷனில் அவள் என் தோளைவிட்டு இறங்கியிருக்கிற நேரத்திலும் பாதிக்குமேல் அதற்கே போகிறதே, அதற்கா இருபது வளைவு இறங்கி வந்தோம்?

நீங்கள் செய்யவேண்டியது வேறு, எங்களால் முடியாதது. சி.பி. குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுகிறது, வெளியே ஒன்றும் தெரியாது, வலி வரும்போது நேரம் கடந்திருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை எங்களுக்கு எந்த மையத்திலும் சொல்லவில்லை, இன்னொரு குழந்தையின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. விழுங்குவது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஏ.எஃப்.ஓ. அளவு பார்ப்பது, தசை இறுக்கத்தைத் தளர்த்துகிற போட்டாக்ஸ் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரோடு பேசுவது, அடுத்த மூன்று மாதத்துக்கு எதைக் குறிவைக்கலாம் என்று எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது, இதெல்லாம் படித்தவர் செய்யவேண்டிய வேலை. அதற்காக மலை இறங்கச் சொல்லுங்கள், இறங்குகிறோம், வாந்தியோடு சேர்த்து.

இனி அதிகாரிகளுக்கு. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் 657 சி.பி. குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, பீட்டர் ரோசன்பாம் என்கிற டாக்டரும் குழுவினரும் 2002ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தக் குழந்தைகள் உட்காருவது, நிற்பது, நடப்பது என்று தங்களால் எட்டக்கூடிய இயக்கத்தில் 90 சதவீதத்தை, பாதிப்பு லேசாக இருந்தால் ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள், பாதிப்பு கடுமை என்றால் அதற்கும் முன்னாலேயே, மூன்று வயதுக்குள். அதற்கப்புறம் ஒன்றுமே வராது என்று அர்த்தமில்லை, ஆனால் பெரிய பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31வது பிரிவு இலவசக் கல்விக்குச் சொல்கிற வயது 6 முதல் 18. கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. உடம்புக்கு ஐந்து வயதில் மணி அடித்துவிடுகிறது, சட்டம் ஆறு வயதில் வகுப்பை ஆரம்பிக்கிறது.

ஆறு வயதுக்குமுன் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். குழந்தைகளின் உடல்நலக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013ல் வந்தது, அதில் டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கவேண்டும், குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். திட்டம் நல்ல திட்டம். ஆனால் பெயரிலேயே மாவட்டம் இருக்கிறது பாருங்கள், மையம் மாவட்டத் தலைநகரில். கண்டுபிடிப்பது மலைமேல், கவனிப்பது மலைக்குக் கீழே. நடுவில் இருப்பதுதான் நான் மேலே சொன்ன அந்த ரோடு. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆனது, கிடைக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் ஒரு பங்கு ரோட்டிலேயே போய்விடும்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தது. அதில் வீட்டுக்கே வந்து பிசியோ கொடுப்பதும் உண்டு. பக்கவாதம் வந்த தாத்தாவைத் தேடி வருகிற பிசியோதெரபிஸ்ட், அதே தெருவில் இருக்கிற நாலு வயதுக் குழந்தையையும் பார்க்கட்டும், அதற்கு வேண்டிய பயிற்சியைக் கொடுங்கள். பெரியவர் உடம்பு வேறு, குழந்தை உடம்பு வேறு என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் பயிற்சி என்கிறேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981லிருந்து இருக்கிற அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பித்தான் சின்னக் குழந்தைகளைக் கவனிக்கிறது, அவர்கள் செல்போன் ஆப்பில் பதிவதைப் பார்த்துத் தெரபிஸ்ட்டுகள் வழிகாட்டுகிறார்கள். இந்தத் தமிழ்நாட்டிலேயே நடக்கிற காரியம் எங்கள் சேர்வராயன் மலையில் மட்டும் ஏன் நடக்காது? இங்கே மலையாளிப் பழங்குடி ஊர்களில் வீட்டுக்கு வீடு எல்லாரையும் தெரிந்த அங்கன்வாடி டீச்சர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக அங்கன்வாடிகள் என்ன செய்யவேண்டும் என்று மத்திய அரசு 2023 நவம்பரில் ஒரு வழிமுறையே வெளியிட்டது. அது பைலில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு கூட ஒரு நாள் ஒரு தெரபிஸ்ட் வந்து, குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது என்று அந்த டீச்சர்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டட்டும்.

ஒரு தெரபிஸ்ட்டை நிரந்தரமாக மலையில் போடுங்கள் என்று கேட்க ஆசைதான். போட்டால் மூன்றே மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார் என்றும் தெரியும், குளிரும் வாடகையும் யாரையும் தங்கவிடாது. அதனால் மாதத்துக்கு ஒரு நாள் போதும். பிசியோ, ஓ.டி., ஸ்பீச் மூவரும் ஒன்றாக ஒரே வண்டியில். காலையில் பொது இடத்தில் எல்லாக் குழந்தைகளையும் பாருங்கள், மத்தியானம் ஒரே ஒரு வீட்டுக்குப் போங்கள், மாதம் ஒரு வீடு. மூவரும் சேர்ந்து ஒரே தாள் எழுதுங்கள், தமிழில், அந்த வீட்டில் இருக்கிற சாமானை வைத்து. நடுவில் ஏதாவது சந்தேகம் வந்தால் நாங்கள் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதற்கான நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கு வைக்கவேண்டும், அதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளுங்கள், ஓசியில் செய்யச்சொல்லி தெரபிஸ்ட்டுகளைக் கேட்பது நியாயமில்லை.

எங்கள் பக்கத்து ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அங்கன்வாடியில் மத்தியானம்வரை இடம் தருவதாகப் பேசி வைத்திருக்கிறோம், மேட் இல்லை, ஜமுக்காளம் இருக்கிறது, வெந்நீர் ஏற்பாடு செய்கிறோம். அடிவாரத்திலிருந்து கூட்டி வர ஜீப் வைத்திருக்கிற நண்பர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், அம்மாயி களி கிண்டுவார், வேண்டாம் என்றால் சோறும் இருக்கிறது. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கமிருந்தும் குழந்தைகளைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை வேண்டாம், ரோட்டில் கூட்டம். செவ்வாய், புதன் இரண்டில் எது வசதி என்று மட்டும் சொல்லுங்கள், ஒரு வாரம் முன்னாலேயே சொன்னால் நல்லது, சில ஊர்களில் போன் எடுக்காது, நேரில் போய்த்தான் சொல்லிவிட்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஓர் அப்பா